ரென்காவின் சுண்டுவிரல்

"பதினேழாம் நம்பர் யாருங்க? மேடைக்கு வாங்க" என்று பிரவீன்குமார் மைக்கில் கூப்பிட்டதும், நீல முடியும், வெள்ளித்தாள் சுற்றிய வலது கையுமாக ஒரு பெண் விறுவிறுவென்று ஏறி வந்தாள். வேஷமே இவ்வளவு பலமாக இருந்தால் கதையில் சொந்தச் சரக்கு இருக்காது என்று அவன் அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அது. பந்தி பெஞ்சுகளில் ஜப்பானின் அனிமே கார்ட்டூன் தொடர்களுக்கு ரசிகர்கள் இருநூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

போட்டி இதுதான்: வெவ்வேறு தொடர்களில் வரும் வருங்கால நகரத்து ஆட்கள் இரண்டு பேரைச் சந்திக்க வைத்து ஒரு கதை எழுத வேண்டும். வயது வரம்பு கிடையாது. ஜெயிக்கிற கதையைப் படக்கதையாக வரைந்து புத்தகமாகப் போடுவார்கள்.

நடுவர் பிரவீன்குமார் சின்னசேலத்துக்காரன். சென்னையில் கேம் கம்பெனி வேலை. அனிமே விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளே இல்லை என்ற நினைப்பு வேறு.

"சீட்டு உங்ககிட்டதான் இருக்கா? பேரு?"

"இருக்கு சார். ஜூலியா, நைனார்பாளையம்."

காலையில் இந்த நம்பருக்குப் படிவம் கொடுக்க வந்தவர் இவளுடைய அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டான். வலது கையை பேண்ட் பாக்கெட்டில் விட்டபடி, படிவத்தை இடது கையால் நீட்டினார். நம்பர் சீட்டை வாங்கிக்கொண்டதும் அதே இடது கையால்தான். பெரிய மனிதருக்கு இதுகூடத் தெரியாதா என்று அப்போது ஏற்பட்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

"கத நல்லாத்தான் இருக்கு. ஒரு தொடர்ல வர்ற இரும்புக் கை ரென்காவும், இன்னொரு தொடர்ல வர்ற நினைவுத் திருடன் ஜோகுரோவும் கம்பெனி ஆளுங்ககிட்ட தப்பிச்சி ஓடியாந்து, நம்ம கரியாலூர்ல மரவள்ளிக் காட்டுக்குள்ள சந்திக்கிறாங்க. ஐடியா சூப்பர். ஆனா இத மனுசன் எழுதல. ஏ.ஐ. எழுதியிருக்கு."

கூடம் 'ஓ' என்று கத்தியது. ஜூலியா மைக்குக்கு நெருங்கி வந்தாள்.

"இதுல ஒரு எழுத்தக்கூட மெசினு எழுதல சார்."

"ஆதாரம் இருக்கும்மா." அவன் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து வாசித்தான். "'மழை வருவதற்கு முன்னால் ரென்காவுக்கு, வெட்டுப்பட்டுப் போன சுண்டுவிரல் அரித்தது. இரும்பைச் சொறிந்தாள். அடங்கவில்லை. அந்த நினைவைத் திருடிவிடட்டுமா என்றான் ஜோகுரோ. வேண்டாம், என் விரலில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் என்றாள்.'"

வாசித்துவிட்டுச் சிரித்தான். "இல்லாத வெரலு எப்படிம்மா அரிக்கும்? கம்ப்யூட்டர்தான் இப்படி ஒளறும். தொடர் மூணு சீசன் வந்திருக்கு. ரென்கா ஒரு தடவகூட சொறிஞ்சதில்ல."

"அந்தத் தொடர் எழுதனவங்களுக்குத் தெரியல போல" என்றாள் ஜூலியா.

கைதட்டல் அவளுக்கு விழுந்தது. பிரவீன்குமாருக்குக் காது சூடேறியது.

"சரி, கடைசியா சொல்றேன். அந்த அரிப்பு வரிய எடுத்துடு, மூணாம் பரிசு தர்றேன். இல்லன்னா ஏமாத்துனாங்கன்னு எங்க ஆன்லைன் பக்கத்துல போட்டுடுவேன். அப்புறம் எந்தப் போட்டிக்கும் வர முடியாது."

"போட்டுக்குங்க சார். ஆறு மாசமா ஒத்தக் கட்டவெரலால போன்ல தட்டிக்கினு எழுதன கத. வேணும்னா கதய தூக்கிப் போடுங்க. அரிப்பு இருக்கும்."

இத்தனை பேர் முன்னால் ஒரு காலேஜ் பெண் இப்படி எதிர்த்துப் பேசினால் நடுவர் மரியாதை என்ன ஆகும்? அவன் கண் கூடத்தின் கடைசிக்குப் போனது. அங்கே தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். அப்போதும் கை பாக்கெட்டிலேயே இருந்தது.

"ஏங்க, நீங்கதான அப்பா? மேல வாங்க. உங்க பொண்ணுக்கு நீங்களே புத்தி சொல்லுங்க."

ஜூலியாவின் அப்பா வியாகுலம் நிதானமாக நடந்து வந்து மேடையேறினார். மகளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்.

"புத்தி சொல்ல ஒன்னும் இல்ல சார். அது சரியாத்தான் பேசிக்கினு இருக்குது."

பிரவீன்குமாருக்குப் பொறுமை போய்விட்டது.

"காலையிலேருந்து பாத்துக்கினு இருக்கேன். பொண்ணு இன்னா இப்படி மரியாத இல்லாம பேசுதுன்னு யோசிச்சேன். நீங்களே பாக்கெட்ல கைய வுட்டுக்கினுதான நிக்கிறீங்க? மொதல்ல கைய வெளிய எடுங்க!"

வியாகுலம் மகளைப் பார்த்தார்.

"எடுப்பா" என்றாள் ஜூலியா. "நல்லா பாக்கட்டும்."

அவர் கையை எடுத்து, மைக்குக்கு நேராக நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் இருந்தன. மற்ற மூன்றும் அடியோடு போயிருந்தன. அது ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக் கிழங்கு அரைக்கிற மெஷினின் வேலை என்று சின்னசேலத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரவீன்குமார் காகிதத்தைக் கீழே இறக்கினான்.

வியாகுலம் இடது கையைக் கொண்டுபோய், சுண்டுவிரல் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தில் மெல்லச் சொறிந்தார்.

"கத நான் எழுதனது சார். இப்பக்கூட அரிக்குது."