கூரைக்கு மேலே ஒரு சாண்

"டீசல் இன்ஜின் ஒரு தம்ளர் தண்ணி குடிச்சாலும் போச்சு," என்றார் மெக்கானிக். நாங்கள் வீடாகவே மாற்றிக் குடியிருக்கும் வண்டியின் ஏர் ஃபில்டர் மறுபடியும் ஊறிப்போயிருந்தது.

தரைப்பாலத்தில் வெள்ளம் ஓடியபோது, "வேணாங்க, திரும்பிடலாம்" என்று மனைவி சொல்லச் சொல்லக் கேட்காமல் வண்டியை இறக்கினேன். அன்று பிடித்த தொல்லை இது. முழங்கால் தண்ணீர்தான். எப்படியோ கடந்து வந்துவிட்டோம்.

போன வாரம் மெக்கானிக் புது ஃபில்டர் போட்டு, காற்று இழுக்க ஒரு புதுக் குழாயைக் கூரைக்கு மேலே ஒரு சாண் உயர்த்தி வைத்து, அதன் வாயைப் பின்பக்கம் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. வண்டியும் அவர் பட்டறையை விட்டு நகரவில்லை. நாங்கள் அதற்குள்ளேயேதான் தூங்கினோம்.

இன்று அந்தப் புதுக் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே நுனிவரை சேறு.

"வண்டிய எங்க சார் முக்குனீங்க?"

"எங்கயும் இல்லங்க. உங்க கண்ணு முன்னாடிதானே நிக்குது?"

"கூரையே முங்கினாத்தான் இங்க சேறு ஏறும். அப்படி முங்கியிருந்தா உள்ள இருந்தவங்க..."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதான் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறோமே!"

அவர் என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பினேன்.

வண்டிப் படியில் உட்கார்ந்து மனைவி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அது மூன்றாவது துண்டு. அவள் இன்னும் குளிக்கவில்லை.