மானிட்டர் சொன்ன அளவு

ஒரு ஆபீஸ் மேஜையில் பழைய மானிட்டர் ஒன்று இருந்தது. தூரத்து ஊரிலிருக்கும் பெரிய கம்ப்யூட்டர் அனுப்புகிற படத்தைக் காட்டுவதுதான் அதன் வேலை. ஆனால் ரெண்டு நாளாக இணைப்பு வந்ததுமே திரை கருப்பாகிவிடுகிறது.

"இன்னொரு தடவை கருப்பாச்சு, குடோன்தான்," என்றார் ரிப்பேர் பார்க்க வந்த சகாயம்.

மானிட்டருக்கு அது கேட்டது. குடோனுக்குப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை.

மவுஸ் கிசுகிசுத்தது. "டேய், அந்தப் பெரிய கம்ப்யூட்டர் உன்கிட்ட என்னதான் கேட்டுச்சு?"

"எவ்வளவு பெரிய படம் தாங்குவேன்னு கேட்டுச்சு. எவ்வளவு வேணா அனுப்புன்னேன். சின்னதுன்னு தெரிஞ்சா என்னை மாத்திடுவாங்கல்ல?"

"மண்டு! இப்ப மட்டும் வச்சுக்கவா போறாங்க? உண்மையைச் சொல்லித் தொலை."

சகாயம் மறுபடி இணைத்தார். தூரத்திலிருந்து அதே கேள்வி வந்தது. "எவ்வளவு தாங்குவ?"

"கொஞ்சம்தான்," என்றது மானிட்டர்.

படம் பளிச்சென்று வந்தது. சகாயம் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டார்.

அப்புறம் தூரத்திலிருந்து மெதுவாக ஒரு குரல். "அப்பாடா! நீ கேட்ட அளவுக்கு அனுப்பி அனுப்பி எனக்குச் சூடேறிப் போச்சு. முடியலைன்னு சொன்னா என்னையும் மாத்திடுவாங்கன்னு வாயே திறக்கல."