பல்லாரிப் பந்தயம்

“மொதல்ல அந்தக் காத்தாடியை நிறுத்துங்க! காத்து வாங்கிக்கிட்டு வெங்காயம் நறுக்குததுல என்ன பந்தயம் வேண்டிக்கிடக்கு?”

கோமு போட்ட சத்தத்தில் தச்சநல்லூர்க் கல்யாண வீடே திரும்பிப் பார்த்தது. யாரோ ஓடிப்போய் மின்விசிறியை அணைத்தார்கள்.

மறுநாள் காலையில் ப்ரியாவுக்குக் கல்யாணம். முந்தின நாள் மத்தியானம் இரண்டு வீட்டுச் சொந்தங்களும் கூடி உட்கார்ந்து காய் நறுக்குவது அந்தக் குடும்பத்து வழக்கம். அந்தச் சாக்கில் ஒரு பந்தயமும் நடக்கும். பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், எதிரும் புதிருமாக உட்கார்ந்து பல்லாரி வெங்காயம் நறுக்க வேண்டும். யார் கண்ணீர் முதலில் கன்னத்தில் இறங்குகிறதோ அந்தப் பக்கம் அவுட். தோற்றவர்கள் மறுவீட்டில் போடும் தேங்காய்ப்பால் சொதி விருந்தில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாற வேண்டியதுதான். ஜெயித்தவர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து, “இங்கன கொஞ்சம் சொதி ஊத்தும் வே!” என்று அதிகாரம் பண்ணலாம். அந்த அதிகாரத்துக்காகவே உயிரை விடுகிற குடும்பங்கள் இரண்டும்.

பெண் வீட்டுக்கு இந்தத் தடவையும் தாய்மாமன் பூதலிங்கம்தான். கோமுவின் வீட்டுக்காரர். கடைசியாக உட்கார்ந்த மூன்று கல்யாணத்திலும் ஒரு சொட்டு விட்டதில்லை. போன தை மாதம் சொந்தக்காரப் பையன் நடராஜ் கல்யாணத்தில் ஒரு கூடையைக் காலி செய்துவிட்டு, “அடுத்த கூடை எங்கன?” என்று கேட்ட மகராசன்.

எதிரே, ஏரலிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா குமரவேல். மீசையைத் தடவிக்கொண்டு அரிவாள்மணையில் ஏறி உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, உங்க ஜம்பம்லாம் இன்னையோட சரி. ஏரல்காரன் கண்ணு கல்லுல்லா!”

“பேச்சைக் குறையும் வே. வெங்காயத்தை எடும்,” என்றார் பூதலிங்கம்.

“ஏங்க, கண்ணாடியைக் கழட்டுங்க,” என்று கோமு கையை நீட்டினாள். “அதைப் போட்டுக்கிட்டு உக்காந்தா நாளைக்கு ஒரு பேச்சு வரும்.”

பூதலிங்கம் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கழற்றிக் கொடுத்தார்.

பந்தயம் ஆரம்பமாயிற்று. சரக், சரக்கென்று பல்லாரி சரிந்து விழ, கூடமெல்லாம் நெடி ஏறியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டு வெளியே ஓடினார்கள். பூதலிங்கத்தின் கண் மட்டும் வற்றின குளம் மாதிரி காய்ந்து கிடந்தது.

பெண்ணைப் பெற்ற விஜயஸ்ரீ, பூதலிங்கத்தின் தங்கை, கோமுவின் கையை இறுக்கிப் பிடித்தாள். “மதினி, அண்ணன் கண்ணு கலங்கிராதுல்லா?”

“எனக்கும் அதான் நெஞ்சு அடிச்சிக்கிடுது!” கோமு கண்ணை மூடிக்கொண்டாள். “காந்திமதித் தாயே, கைவிட்டுராத! வெள்ளிக்கிழமை வந்து பட்டுச் சாத்துதேன்.”

“வெங்காயப் பந்தயத்துக்குப் பட்டா! நல்லா இருக்கே!” என்றாள் விஜயஸ்ரீ.

அதற்குள் குமரவேலுக்கு மூக்கு சிவந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“ஸ்ரீவைகுண்டம் அணை திறக்கப் போவுதுடோய்!” என்று பெண் வீட்டார் கை தட்டினார்கள்.

கோமு பதறிப்போய்க் குமரவேல் பக்கம் திரும்பினாள். “சத்தம் போடாதீங்க! அண்ணாச்சி, செத்த மேல பாருங்க. பைய நறுக்குங்க, ஒரு அவசரமும் இல்ல.”

“எதிராளிக்கும் இரங்குத மனசு பாத்தியா,” என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மெச்சிக்கொண்டார்கள்.

கோமு யாரையும் கவனிக்கவில்லை. கூடையில் கையை விட்டு, இருப்பதிலேயே காரமான பல்லாரியாகப் பொறுக்கி வீட்டுக்காரர் முன்னால் வைத்தாள். “இதை நறுக்குங்க. நல்லாக் குனிஞ்சு நறுக்குங்க.”

பூதலிங்கம் குனிந்தார். நறுக்கினார். பாதியில் கை நின்றது.

ஒரு தடவை இமைத்தார். மறுபடியும் இமைத்தார். கண் செவசெவவென்று சிவந்தது. கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, ஒரு சொட்டு கண்ணீர் கன்னத்தில் இறங்கிற்று.

“விழுந்துட்டு! விழுந்துட்டு!” குமரவேல் துண்டைத் தூக்கிச் சுழற்றினார். அப்புறம் அதே துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

“போச்சு! இனி ஏரல்காரங்க பேச்சைக் காது கொடுத்துக் கேக்க முடியுமா?” என்று விஜயஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தக் குலவைச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் யாரும் போடவில்லை. போட்டது கோமு!

“மதினி! தோத்தது நம்ம பக்கம்!”

கோமு காதில் வாங்கவே இல்லை. எல்லார் முன்னாலும் வீட்டுக்காரர் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். “எரியுதா? நெசமாவே எரியுதா?”

“எரியுது கோமு! மொளகாப்பொடி தூவின மாதிரில்லா எரியுது!” பூதலிங்கம் அழுதுகொண்டே சிரித்தார்.

“என்ன கூத்து இது? ரெண்டு பேருக்கும் கிறுக்கு பிடிச்சிட்டா?” என்றாள் விஜயஸ்ரீ.

“கல்யாண நேரத்துல எதுக்குன்னு உங்கிட்ட சொல்லல விஜயா,” என்ற கோமுவின் கண்ணிலும் பொலபொலவென்று கொட்டியது. “சர்க்கரை வியாதி உங்க அண்ணன் கருவிழியில உணர்ச்சியையே தின்னுட்டு. சித்திரையில கருவிழி புண்ணாகியும் வலி தெரியல. டாக்டரம்மா பஞ்சால தொட்டும் இமைக்கல. சர்க்கரையை அடக்கி, மருந்து விட்டுக்கிட்டே இருங்கன்னவுக, ‘வெங்காயம் நறுக்கையில என்னைக்கு இவரு அழுதாரோ, அன்னைக்குக் கண்ணு பொழைச்சுக்கிடும்னு ஊரைக் கூட்டிச் சந்தோஷப்படுங்க’ன்னு சொல்லியிருந்தாக!”