பின்பக்கம்: எதுவுமில்லை

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தார்.

"பெட்டியில என்னைப் பத்தி ஏதாவது இருந்துச்சா?"

இல்லை என்றேன்.

அவருடைய அம்மா பாக்கியத்தாயின் பெட்டி அது. உப்பளப் பெண்கள் சங்கத்தின் செயலாளராக இருந்தவர்.

அதிலிருந்த தாள்களை நான்கு வாரம் பிரித்தேன். ஆவணக் காப்பக மாலை வகுப்பில் சொல்லித் தந்த வரிசைப்படிதான். முதலில் துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்தேன். பிறகு பென்சிலால் எண் போட்டேன். 'சங்கம்' என்று ஆறு உறை. 'சொந்தம்' என்று ஓர் உறை.

சொந்தத்தில் ஒன்றும் சேரவில்லை.

என்மேல் நம்பிக்கை இல்லாமல் இரண்டாம் முறையும் தேடினேன். ஒரு கடிதம்கூட இல்லை.

அவர் சிரித்தார்.

"எப்படி இருக்கும்? எங்கம்மைக்குச் சங்கத்து மனுதான் மூத்த புள்ள. ராத்திரி அம்மை வரும்போது நான் தூங்கிருப்பேன். விடியுமுன்ன அளத்துக்குப் போயிருவா. அப்பவும் தூங்கிருப்பேன்."

படிவத்தைப் பார்த்தார்.

ஒரே வாசகம் உள்ள தாள்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடலாம். அதற்குக் குடும்பத்தாரின் கையெழுத்து வேண்டும்.

ஒன்பது வருடமும் ஒரே மனு; சங்கம் வைத்துக்கொண்ட நகல்கள். உப்புநீரில் நிற்கிறவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும். தேதி மட்டும் மாறும்.

முதல் தாளைத் திருப்பிப் பார்த்திருந்தேன். 'பின்பக்கம்: எதுவுமில்லை' என்று பட்டியலில் எழுதினேன். மீதி எட்டுக்கும் அதையே எழுதிக்கொண்டு போனேன்.

பேனா எழுதவில்லை. உதறினார். அப்போதும் எழுதவில்லை.

கழிக்க வேண்டிய கட்டிலிருந்து மேல்தாளை எடுத்துத் திருப்பி அவர் முன் வைத்தேன்.

"இதுல கிறுக்கிப் பாருங்கக்கா."

அவர் கிறுக்கவில்லை.

தாளில் ஒரு பாதம். பென்சிலால் சுற்றி வரைந்தது. என் உள்ளங்கை அளவுகூட இல்லை. சுண்டுவிரல் பக்கத்தில் கோடு வழுக்கி, தாளின் ஓரம்வரை ஓடியிருந்தது.

மற்ற ஏழையும் திருப்பினேன்.

ஏழு பாதங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் நீளம். எல்லாமே பைக்குள் வைக்க நான்காக மடித்த தாள்கள். எல்லாவற்றிலும் கோடு எங்கேயாவது ஓரிடத்தில் வழுக்கியிருந்தது.

"கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போற அன்னைக்கு எனக்குப் புதுச் செருப்பு வரும்." குரல் இறங்கியிருந்தது. "ஒரு தடவைகூட என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. ஆனா அளவு தப்பினதே இல்ல."

வழுக்கிய கோட்டின் மேல் அவர் விரல் மெதுவாகப் போனது.

"தூக்கத்துல யாராவது பாதத்தைத் தொட்டா இழுத்துக்குவேன். இப்பவும்தான்."

படிவத்தை என் பக்கம் எடுத்துக்கொண்டேன். பட்டியலில் எட்டு இடத்தில் ரப்பரால் அழித்தேன்.

சங்கமா, சொந்தமா? இரண்டும் ஒரே தாளில் இருந்தால் எந்த உறை என்று வகுப்பில் சொல்லித் தந்தார்களா? நான்தான் கவனிக்கவில்லையா?

அவரிடமே கேட்கலாம் என்று நிமிர்ந்தேன்.

கடைசி வருடத்துத் தாளை அவர் தரையில் வைத்திருந்தார். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தார்.

ஆவணங்களைத் தரையில் வைக்கக் கூடாது. முதல் வகுப்பிலேயே எழுதிக்கொண்டது.

நாற்காலியைப் பின்னால் தள்ளி இடம் விட்டேன்.