பாட்டு இழுக்குது

தம்பியை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டே தீருவது என்று அண்ணன் முடிவு பண்ணிவிட்டார்.

பின்னே என்ன? கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவன். ஆபீசில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவன். அண்ணனுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த உள்ளங்கை அகல கேம் பெட்டியில், ஒரு பழைய கார் ரேஸை ஒழுங்காக ஓடவிடத் துப்பில்லை.

அந்தக் கார் ரேஸ் அண்ணன் தம்பி இருவரும் சின்ன வயசில் டிவியில் மாட்டி விளையாடியது. அண்ணன் அதில் புலி. தம்பி தனக்கும் வேணும் என்று அழுதால், வயர் மாட்டாத கன்ட்ரோலர் ஒன்றை அவன் கையில் திணித்துவிடுவார். அண்ணன் கார் ஜெயிக்க ஜெயிக்க, தான்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு பொடியன் வீடு முழுக்கக் குதிப்பான்.

அந்த மெஷினெல்லாம் இப்போது எங்கே போய்த் தேடுவது? பழைய கேமைப் புதுப் பெட்டியில் ஓட வைக்க எமுலேட்டர் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தான் தம்பி. ஓடத்தான் ஓடியது. ஆனால் ஆமை வேகம். கூடவே வருகிற பாட்டோ, தூக்கத்தில் பாடுவது மாதிரி இழுத்தது.

பக்கவாதம் வந்து இடது கை விழுந்துபோன மனுஷனுக்குப் பொழுதுபோக வேறென்ன இருக்கிறது? டாக்டர் அமுக்கச் சொன்ன ரப்பர் பந்தைத் தூக்கி எறிந்தவர், இந்தப் பெட்டியை மட்டும் கீழே வைக்கவில்லை. எல்லா ரேஸிலும் அவர்தான் முதல். பெட்டி மட்டும் உருப்படியாக ஓடினால் இன்னும் வெளுத்து வாங்குவேன் என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வார்.

கை பழையபடி ஆகிவிட்டது, இனி கிரேனில் ஏறி உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் அவர் ஒரே பிடிவாதம். ஆள் கிரேன் ஆபரேட்டர். மாசக் கடைசியில் கம்பெனி டெஸ்ட் வைத்திருந்தது.

தம்பி மட்டும், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்ணே என்று இழுப்பான். அவன் பேச்சும் அவன் போட்டுக் கொடுத்த பாட்டு மாதிரியேதான். அண்ணன் சம்பாதிக்கப் போவது இவனுக்குப் பொறுக்கவில்லையா என்றுகூட அவருக்குத் தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். பெட்டியை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து எதையோ நோண்டுவான். அவன் கொடுத்துவிட்டுப் போன பிறகு பார்த்தால், முன்னைக்கு ஒரு பொட்டு தேவலை போலிருக்கும். அவ்வளவுதான். இதுக்கு மேல வரமாட்டேங்குதுண்ணே என்று தலையைச் சொறிவான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒரு நாள் செருப்பை மாட்டினார். கடையில் கொடுத்துச் சரி பண்ணப் போவதாகச் சொன்னதும் மனைவி குறுக்கே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து பார்த்துக்கொள்வான், வெயிலில் எதற்கு அலைகிறீர்கள் என்றாள். கொழுந்தனை ஒரு சொல் சொல்ல விடமாட்டாளே! அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மொபைல் ரிப்பேர் கடைக்காரர் பெட்டியை வாங்கி, இரண்டு மூன்று இடத்தில் தொட்டுப் பார்த்தார்.

"இதுல பழுதே இல்லையே சார். யாரோ வேணும்னே ஸ்பீடைக் குறைச்சு வெச்சிருக்காங்க. முழுசா ஏத்திட்டேன், எடுத்துட்டுப் போங்க."

வேணும்னேயா? அவருக்குச் சுர்ரென்று ஏறியது. சின்ன வயசில் ஏமாற்றியதற்கு இப்போது பழி வாங்குகிறான் பயல். வரட்டும் ஞாயிற்றுக்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆன் பண்ணினார். பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. அப்படியே அந்தக் காலத்துப் பாட்டு. திக்கல் திணறல் இல்லாமல் கார் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. அவருக்கு வாயெல்லாம் பல்.

முதல் வளைவிலேயே கார் சுவரில் போய் மோதியது.

வேகம் பழக்கமில்லை, அதுதான் என்று மறுபடி ஆரம்பித்தார். வளைவு வருவது கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. திருப்பு, திருப்பு என்று மனசு அடித்துக்கொண்டது. கட்டைவிரல் அசைவதற்குள் கார் சுவரில் இருந்தது.

இன்னொரு தடவை. அப்போதும் சுவர். கடைசியில் வந்துகொண்டிருந்த கார்கூட அவரைத் தாண்டிப் போனது.

பெட்டியை மடியில் வைத்துவிட்டு இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கையை நம்பியா கிரேனில் ஏற இருந்தோம்? மேலே டன் கணக்கில் இரும்பு தொங்கும். கீழே பிள்ளைகுட்டிக்காரர்கள் நின்று வேலை பார்ப்பார்கள்.

பாட்டு மாறியதைக் கேட்டு மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததும் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆக, இவளுக்கும் தெரியும்.

வாராவாரம் அந்த ஒரு பொட்டு தேவலை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு இப்போது விளங்கியது. அண்ணன் கை தேறத் தேற, அதற்குத் தக்கபடி தம்பி வேகத்தை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். வயர் மாட்டாத கன்ட்ரோலர் இத்தனை நாளும் அண்ணன் கையில் இருந்திருக்கிறது.

அன்றைக்கே கம்பெனிக்குப் போன் போட்டு, டெஸ்டைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். வழக்கம்போலப் பெட்டியை வாங்கி ஆன் பண்ணினான். பாட்டு துள்ளியதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணனை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

நாலு வார்த்தை கேட்பதாக இருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடைக்காரன் கெடுத்து வெச்சுட்டான்டா. நீ பண்ணினாத்தான் சரியா வரும். பழையபடி பாட்டு இழுக்கிற மாதிரியே வெச்சுக் குடு. அவசரமில்ல, வாராவாரம் ஒரு பொட்டு ஏத்தினாப் போதும்."