காலியான ஒரே ஒரு படுக்கை

"சார், இருக்கிறது ஒரே ஒரு படுக்கை. நாலு மணிக்குள்ள ஆமாம், இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இப்படி மென்னு முழுங்கிக்கிட்டே இருந்தா நான் இதுல என்னன்னு எழுதுறது?"

சேர்க்கைப் பிரிவு அம்மாள் பேனாவால் படிவத்தைத் தட்டினாள். மனச்சிக்கல் உள்ள பிள்ளைகள் ஆறு மாதம் தங்கிச் சிகிச்சை பெறும் இல்லம் அது. அங்கே அவளுக்குக் 'கறார் மேடம்' என்று பட்டப்பெயர். பதினொரு வருடம் பாடுபட்டுச் சம்பாதித்த பெயர், சும்மா வந்துவிடவில்லை.

எதிரே இருந்த தம்பதிக்குப் பதினாலு வயதில் ஒரு மகள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்று எட்டு மாதம் ஆகிறது. வீட்டை விட்டு ஓடியது இரண்டு முறை. போன வாரம் ஜன்னல் கண்ணாடியைக் கையாலேயே உடைத்து ஒன்பது தையல். இனி வீட்டில் வைத்துப் பார்ப்பது ஆபத்து என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஐந்து மாதம் காத்திருந்து இன்றைக்குத்தான் இடம் கிடைத்திருக்கிறது. இப்போது போய் அப்பா தலையைச் சொறிகிறார்.

"இல்ல மேடம், ரெண்டு நாளா நல்லாத்தான் இருக்கா. நேத்து அவளே தட்டைக் கழுவி வச்சா."

"தட்டு கழுவினா குணமாயிட்டான்னு அர்த்தமா சார்?"

"நல்லா கேளுங்க மேடம்!" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். "இவர் பாட்டுக்கு வேலைக்குக் கிளம்பிடுவார். நாள் பூரா அவகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறது நான்தானே?"

"அப்படின்னா சேர்த்துடலாம். குடுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றார் அப்பா ரோஷமாக.

அவ்வளவுதான், அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னங்க பொசுக்குனு இப்படிச் சொல்றீங்க? அடுத்த மாசம் அவ பிறந்த நாள். அது முடியட்டுமே."

கறார் மேடத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரார் லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவர் வீட்டில் இரண்டு பேர் மனதும் ஒரு மாடியிலும் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரமாக இதே கூத்து.

"பிறந்த நாள் முடிஞ்சா தங்கச்சி கல்யாணம் வரும். அது முடிஞ்சா மழைக்காலம் வரும். காரணத்துக்கா பஞ்சம்?" குரல் தானாக உயர்ந்தது. "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே பக்கமா நில்லுங்க. என் கண் குளிரப் பாத்துக்கறேன்."

"அவளை அனுப்பிட்டா, அம்மா என்னைத் தள்ளி விட்டுட்டான்னு நினைப்பாளே மேடம்!"

"நினைப்பா. பத்து நாளைக்கு உங்களைத் திட்டித் தீர்ப்பா. திட்டட்டுமே! திட்டுறதுக்காவது பிள்ளை முழுசா இருக்க வேண்டாமா? கத்தி, கத்தரிக்கோலையெல்லாம் மாவு டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு, வாசக்கதவுக்குக் குறுக்கே படுத்துக்கிட்டு, அது லேசாப் புரண்டாக்கூடப் பதறி எழுந்துக்கிட்டு... இதெல்லாம் பாசம் இல்லம்மா, பயம். என்னால இதுக்கு மேல முடியலைன்னு ஒத்துக்குங்க. ஒத்துக்கிட்டா ஒண்ணும் தலை போயிடாது."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "மாவு டப்பா விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினொரு வருஷமா இந்த நாற்காலியைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன். எல்லா வீட்டுலயும் அதே டப்பாதான்."

மணி மூன்று ஐம்பது. கறார் மேடம் டெலிபோனைக் கையில் எடுத்தாள். "சரி, நான் அடுத்தவங்களைக் கூப்பிடறேன். அவங்களாவது பிள்ளையைப் பிழைக்க விடட்டும்."

"வேண்டாம் மேடம், வைங்க!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா போடும்போது அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நாளைக் காலை பத்து மணிக்கு மகளைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டு இருவரும் மெல்ல வெளியே போனார்கள்.

கறார் மேடத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டே படிவத்தைக் கோப்பில் சொருகியபோது, இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த இளம் டாக்டர் காத்திருப்போர் பட்டியலோடு உள்ளே வந்தார்.

"படுக்கை நிரம்பிடுச்சா மேடம்? ஆனா இவங்க பட்டியல்ல ரெண்டாவதாச்சே. முதல் ஆளுக்குச் சொல்லலையா?"

"சொல்லியாச்சு டாக்டர். அவங்களுக்கு இன்னும் மனசு வரலை. அடுத்த தடவை பாத்துக்கலாம்னுட்டாங்க."

"இதோட அஞ்சாவது தடவை! ஒரு வருஷமா அந்தப் பையன் பேர் முதல் இடத்துலயே கிடக்கு. கேஸைப் படிச்சா எனக்கே பயமா இருக்கு. பெத்தவங்களுக்கு அந்தப் பயம் வேண்டாமா?" டாக்டருக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. "நீங்க பேசினது போதும் மேடம். இன்னிக்கு நான் பேசறேன்."

பட்டியலில் இருந்த எண்ணைத் தன் செல்போனில் விறுவிறுவென்று அழுத்திக் காதில் வைத்தார்.

கறார் மேடத்தின் கைப்பைக்குள் மணி அடித்தது.