பதினான்கு நிமிடம்

கணினித் திரையில் எட்டு முப்பத்தாறு.

அவன் கைபேசியில் எட்டு இருபத்திரண்டு.



பரீட்சை மையத்தின் வாசலில் விரல்ரேகை வைக்கும் வருகைப்பதிவுக் கருவி, இந்தக் கணினியின் நேரப்படி எட்டரைக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடம் முன்புதான் ஒரு பெண்ணின் விரலை அது ஏற்கவில்லை. “வயசு வரம்புக்கு இதான் கடைசி வருசம்ணே” என்று காவலாளியிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பரீட்சை எழுதுபவர்கள் கடிகாரம், கைபேசி எதுவும் கொண்டுவரக் கூடாது என்பது விதி. எதைக் காட்டி வாதாடுவாள்?

அவளைத் திரும்ப அழைத்துவரக் காவலாளியைப் பேருந்து நிறுத்தத்துக்கு விரட்டினான்.

தினமும் காலை ஆறு மணிக்கு இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டு, கணினியின் கடிகாரத்தைத் திருத்த ஒரு ஸ்கிரிப்ட், மூன்று வரி நிரல், இருந்தது. மையத்தின் கணினிகளுக்குப் பொறுப்பான அவன் எழுதியதுதான். கையால் ஓட்டினான்.

‘முடிந்தது’ என்றது.

நேரம் மாறவில்லை.

மறுபடி ஓட்டினான். மறுபடியும் ‘முடிந்தது’. என்ன முடிந்தது, மண்ணாங்கட்டி!

கோப்பைத் திறந்தான். மூன்றே வேலை. நேரத்தைக் கேள். கடிகாரத்தை மாற்று. முடிந்தது என்று எழுது.

இரண்டாவது வரியின் வாலில் ஒரு துண்டு இருந்தது. பிழை வந்தால் காட்டாதே.

ஓயாமல் வந்த பிழைச்செய்திகள் தொல்லையாக இருந்ததால் என்றோ அவனே சேர்த்தது. அவமானமாக இருந்தது.

வாலை வெட்டிவிட்டு ஓட்டினான்.

‘கடிகாரத்தை மாற்ற உனக்கு அனுமதி இல்லை.’

நேற்றுதான் கணினியை மாற்றியிருந்தார்கள். புதியதில் ஸ்கிரிப்டுக்கு அனுமதி கொடுக்க அவன் மறந்திருந்தான்.

நிர்வாகியின் கடவுச்சொல்லை அடித்தான். தப்பு. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தான்.

திரையில் எட்டு இருபத்தாறு.

வாசலில் கருவியின் பச்சை விளக்கு எரிந்தது.

காவலாளி தனியாகத் திரும்பி வந்தார். நிறுத்தத்தில் யாரும் இல்லை.

கருவி கடைசியாக மறுத்த பெண்ணின் விண்ணப்பத்தை எடுத்தான். ச. முத்துப்பேச்சி. கீழே ஒரு கைபேசி எண்.

அழைத்தான். நான்காவது மணியில் ஓர் ஆண் குரல் எடுத்தது.

“முத்துப்பேச்சி இருக்காங்களா?”

“பாப்பா பரீட்சை எழுதப் போயிருக்கால்லா. போனு எங்கிட்டதான் இருக்கு, நான் அவ அப்பா. இந்நேரம் உள்ள உக்காந்திருப்பா. வந்ததும் பேசச் சொல்லுதேன்...”

திரையில் எட்டு இருபத்தெட்டு.

“யாருன்னு சொல்லணும்?”